விட்டுவும் கொடுவும்

"அண்ணே, ரெண்டு ஆண் ஃபைட்டர் மீனை ஒரே தொட்டியில விடலாமா?"

"தாராளமா விடலாம்மா," என்றார் போனின் மறுமுனையில் வண்ணமீன் கடைக்காரர். "சாயங்காலம் வந்து பார்த்தா ஒண்ணு இருக்கும்."

"விளையாடாதீங்கண்ணே. ஒரு மணி நேரத்துக்கு மட்டும்."

"ஒரு மணி நேரம்னா ஒண்ணரை இருக்கும்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அலுவலகத்துக்கு வருகிற எல்லோருக்கும் அவள் அக்காதான். அறுபது வயதுக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். மூன்றாவது மாடியில், குடும்பநல ஆலோசகர் ஒருவரின் அலுவலக வாசலில், ஆறு வருஷமாக அவள் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பிரியப் போகிற கணவன் மனைவிக்கு நேரம் ஒதுக்குவது, காத்திருக்கும்போது அவர்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைப்பது, அழுதால் டிஷ்யூ பேப்பர் நீட்டுவது, மீனுக்குத் தீனி போடுவது. இதுதான் வேலை.

இதில் மீன்தான் முக்கியம். சொல்லப்போனால் ஆலோசகரைவிட முக்கியம்.

வரவேற்பறையின் நடுச்சுவரை ஒட்டி மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் இரண்டு ஆண் ஃபைட்டர் மீன்கள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்புக்கு விட்டு என்றும் நீலத்துக்குக் கொடு என்றும் பெயர் வைத்தவர் ஆலோசகர். சேர்த்துக் கூப்பிட்டால் பாடம், பிரித்துக் கூப்பிட்டால் மீன்.

முறைத்துக்கொண்டு வருகிற தம்பதியை ஆலோசகர் முதலில் தன் அறைக்குள் விடமாட்டார். தொட்டியின் முன்னால் நிறுத்துவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "இது ரெண்டும் ஆம்பளை. ஃபைட்டர். ஒரே தொட்டியில விட்டா ஒண்ணை ஒண்ணு கிழிச்சுப் போட்டுடும்னு சொல்வாங்க. இங்க ரெண்டு வருஷமா ஒண்ணா இருக்குங்க. மீனால முடியுது. படிச்ச மனுஷங்க உங்களால முடியாதா?" என்பார். பாதிப் பேருக்கு அங்கேயே கண் கலங்கிவிடும்.

தொட்டியின் நடுவில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று இருப்பதும், ஒன்றை ஒன்று பார்த்துவிடாமல் இருக்க அதன் இரு பக்கமும் அடர்த்தியாக நீர்ச்செடி நட்டிருப்பதும் உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் ஆலோசகர். இன்னொருவர் அக்கா.

"இது பொய் இல்லம்மா," என்று ஆலோசகர் ஒருமுறை அவளுக்கு விளக்கியிருக்கிறார். "ஒரே தொட்டிதானே? அதுவரைக்கும் உண்மை."

அந்தத் தடுப்புதான் இப்போது அலுவலகச் சமையல்மேடையின் கழுவுதொட்டியில் நனைந்த அட்டைபோல் சுருண்டு கிடந்தது. தவறு அக்காவுடையதுதான். தடுப்பில் பாசி படிந்து கோடு தெரிகிறதே, இன்றைக்கு வருகிறவர்களுக்காகப் பளிச்சென்று இருக்கட்டுமே என்று வெளியே எடுத்தாள். தேய்த்துப் போகாத பாசியின்மேல் மின்கெட்டிலிலிருந்து கொதிநீரை ஊற்றினாள். பாசி போய்விட்டது. தடுப்பும் போய்விட்டது.

"ஏம்மா, யாருக்காகக் கேக்குறீங்க?" என்றார் கடைக்காரர்.

"தெரிஞ்சவங்க ஒருத்தங்களுக்கு."

"அவங்ககிட்ட நடுவுல தடுப்பு போடச் சொல்லுங்க. அளவு குடுத்தா வெட்டித் தரேன். மூணு மணிக்கு வந்து வாங்கிக்கட்டும்."

"பதினோரு மணிக்கு வேணும்ணே."

"அப்ப கடவுளைத்தான் கேக்கணும். என்கிட்ட ரம்பம்தான் இருக்கு."

மணி ஒன்பதே முக்கால்.

பதினோரு மணிக்கு வரப்போகிறவர்கள் வேறு யாருமில்லை. அக்காவின் சொந்தத் தம்பியும் அவன் மனைவியும்தான்.

பன்னிரண்டு நாளாகத் தம்பி அக்கா வீட்டு சோபாவில் குடியிருந்தான். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் பின்பக்கமாகவே நடந்து வெளியே வரவேண்டிய சமையலறை. அவ்வளவுதான் அந்த வீடு. ஒரு பையோடு வாசலில் வந்து நின்றவனிடம் என்னடா என்று கேட்டதற்கு, "எங்களுக்குள்ள சண்டை" என்றான். என்ன சண்டை என்றதற்கு, "அது எங்களுக்குள்ள" என்றான். தம்பி மனைவிக்குப் போன் செய்து கேட்டதற்கு, "அவரையே கேட்டுக்குங்க அண்ணி, நான் சொன்னா நல்லா இருக்காது" என்று வைத்துவிட்டாள்.

அக்காவின் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். பதினான்கு வருஷத் தாம்பத்தியத்தில் குரலை உயர்த்தியதே இல்லை. உயர்த்த வைத்தவன் தம்பி. முதல் வாரம் மின்விசிறி. அவருக்கு இரண்டில் ஓடவேண்டும், இவனுக்கு ஐந்தில். பிறகு பற்பசை. அவர் அடியிலிருந்து மடித்துக்கொண்டு வருவார், இவன் நடுவில் அமுக்குவான். அதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் தினமும் காலையில் செய்தித்தாளைப் பிரித்து, குறுக்கெழுத்துப் புதிரைப் பேனாவால் நிரப்பிவிட்டு, "இன்னைக்கு ரொம்ப சுலபம் மாமா" என்று நீட்டினானே, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. பென்சிலால் நிரப்பியிருந்தாலாவது அழித்திருப்பார்.

இன்று காலை செருப்பு மாட்டிக்கொண்டே அமைதியாகச் சொன்னார்:

"சாயங்காலம் நான் வரும்போது சோபா காலியா இருக்கணும். இல்லைன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். அங்கயும் சோபா இருக்கு."

அவர் சொன்னால் செய்கிற ஆள். ஆகவே தம்பி இன்றைக்கே தன் மனைவியோடு சமாதானமாகி அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். அதற்கு மீன் வேண்டும். இரண்டு மீன். ஒரே தொட்டியில்.

அக்கா செயலில் இறங்கினாள்.

நீலமான கொடுவைத் தேநீர் வடிகட்டியால் அள்ளி, மேஜைமேல் இருந்த தண்ணீர்க் குடுவையில் போட்டு, குடுவையின் வாயை ஒரு கோப்பால் மூடினாள். விட்டு தொட்டியிலேயே இருந்தான். பிடுங்கிக் கழுவி வைத்திருந்த செடிகளைத் திரும்ப நட்டாள். அவை வேர் பிடிக்காமல் ஒவ்வொன்றாக எழும்பி மேலே வந்து மிதந்தன.

ஒரு மீனை இரண்டாகக் காட்ட என்ன வழி? கண்ணாடி. கழிவறைச் சுவரிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து தொட்டியின் பின்பக்கம் சாய்த்து வைத்தாள். நிஜமாகவே இரண்டு மீன் தெரிந்தது. இரண்டும் சிவப்புதான், இருந்தாலும் எண்ணிக்கை சரி.

அக்காவுக்குத் தன்மேல் மரியாதை வந்தது. அந்த மரியாதை அரை நிமிடம் நீடித்தது.

விட்டு கண்ணாடியில் இருந்தவனைப் பார்த்தான். தன்னைப்போலவே ஒருவன், தன் வீட்டில். செவுளைக் குடைபோல் விரித்தான். அவனும் விரித்தான். விட்டு பாய்ந்தான். அவனும் பாய்ந்தான். 'டொக்' என்று மூக்கு இடித்தது. மறுபடி பாய்ந்தான். மறுபடி 'டொக்'. வரவேற்பறையில் யாரோ விடாமல் கதவைத் தட்டுவதுபோல் இருந்தது.

"டேய், அது நீதான்டா," என்றாள் அக்கா. விட்டு கேட்பதாயில்லை. மூக்கு உடைவதற்குள் கண்ணாடியை எடுத்துவிட்டாள்.

போன் அடித்தது. கணவர்.

"உன் தம்பி கிளம்பிட்டானா?"

"கிளம்பியிருப்பான். ஏங்க?"

"ஒண்ணுமில்ல. காலையில என் நீலச் சட்டையைத் தேடினேன், கிடைக்கலை. யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

"வந்ததும் கேக்குறேங்க."

"கேக்கவேண்டாம். சட்டையை வேணும்னாலும் அவனே வெச்சுக்கட்டும். சோபாவைக் குடுத்தா போதும்."

அக்கா அலமாரியைத் திறந்தாள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோப்பு உறைகள் ஒரு கட்டு இருந்தன. நான்கை எடுத்துக் காகித நாடாவால் ஒட்டினாள். தடுப்பு தயார். தொட்டியின் நடுவில் இறக்கி, கொடுவைக் குடுவையிலிருந்து அள்ளி மறுபக்கம் விட்டாள்.

உறைகள் தண்ணீருக்குள் நிற்கவில்லை. குனிந்து வணக்கம் வைத்தன. கீழே உண்டான இடைவெளியில் கொடு தலையை நுழைத்தான். அந்தப் பக்கம் விட்டு, கண்ணாடிக்குள் இருந்தவன்தான் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்த கணம் சிவப்பும் நீலமும் ஒரே சுழலாகச் சுழன்றன. அக்கா முழங்கைவரை கையை நுழைத்து, வடிகட்டியால் துழாவி, கொடுவைப் பிடித்து மறுபடி குடுவையில் போட்டாள். அவன் வாலின் ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல். அவளுடைய சட்டைக்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. காகித நாடா தொட்டியில் புழுப்போல் மிதந்தது. விட்டு அதைத் தின்ன முயன்றுகொண்டிருந்தான்.

மணி பத்தரை.

தலையில் கை வைத்தாள். கையில் கிளிப் தட்டுப்பட்டது. கூந்தலைச் சேர்த்துப் பிடிக்கிற பெரிய கிளிப். நீலம்.

இரண்டு நிமிடம் கழித்து, ஒரு செடிக்கொத்தைக் கிளிப்பில் மாட்டி, கூழாங்கல் கட்டித் தொட்டியின் இடது மூலையில் இறக்கியிருந்தாள். நாலடி தள்ளி நின்று பார்த்தாள். செடிக்கு நடுவில் ஏதோ நீலமாக, வழவழப்பாக, ஓய்வெடுப்பதுபோல் தெரிந்தது. ஆறடி தள்ளி நின்றால் இன்னும் நன்றாக இருந்தது. காத்திருப்போர் நாற்காலிகளை எல்லாம் இழுத்து ஆறடிக்கு அப்பால் போட்டாள்.

பத்தே முக்காலுக்கு ஆலோசகர் வந்தார்.

"என்னம்மா, தலை விரிஞ்சு கிடக்கு?"

"காத்துக்காக சார்."

"சட்டை நனைஞ்சிருக்கு?"

"அதுவும் காத்துக்காகத்தான் சார்."

அவர் நின்ற இடத்திலிருந்தே தொட்டியை எட்டிப் பார்த்தார். "கொடு இன்னைக்கு அமைதியா இருக்கான்," என்றுவிட்டு அவர் உள்ளே போனார்.

சரியாகப் பதினோரு மணிக்குத் தம்பி வந்தான். கணவரின் நீலச் சட்டை அவனுக்குக் கச்சிதமாக இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தம்பி மனைவி வந்தாள். பள்ளிக்கூட நூலகர். எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று மூடியிருக்கும்போதே சொல்கிறவள். கையில் மடக்குக் குடை. கணவனைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், குடையை உதறினாள்.

"வாங்க அண்ணி, எப்படி இருக்கீங்க," என்று அக்காவிடம் மட்டும் கேட்டாள்.

"நீதாம்மா வந்திருக்க, நான் இங்கயேதான் இருக்கேன்," என்றாள் அக்கா. என்ன பேசுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆலோசகர் வெளியே வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அதைக் கழற்றினால் எதிரில் நிற்பது கணவனா மனைவியா என்பதே அவருக்கு மங்கலாகத்தான் தெரியும். ஆனால் கண்ணாடி கையில் இருந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும். வழக்கமான பேச்சைத் தொடங்கினார்.

"இதுல எது விட்டு, எது கொடு சார்?" என்று கேட்டாள் நூலகர்.

"சிவப்பு விட்டு. நீலம் கொடு."

"நீலம் அசையவே இல்லையே."

"அதுதாம்மா பொறுமை."

"நானும் வீட்டுல அப்படித்தான் சார் இருப்பேன்," என்றான் தம்பி.

"நீங்க இருக்கிறதுக்குப் பேரு வேற," என்றாள் மனைவி.

அப்போது விட்டு மெல்ல நீந்திக் கிளிப்பின் அருகே போனான். சுற்றிப் பார்த்தான். சண்டைக்கும் வராமல் ஓடவும் செய்யாமல் இப்படி ஒரு ஆசாமியா என்ற எரிச்சலில் ஒரு முட்டு முட்டினான். கிளிப் நிதானமாகத் திரும்பி, வாயைத் திறந்து, இரண்டு வரிசையையும் காட்டியது.

"சார், நீலத்துக்குப் பல்லு இருக்கு."

"வயசாகுதுல்லம்மா, முளைக்கும்," என்று அக்கா குறுக்கே வந்து நின்றாள். "சார், நேரமாச்சு. உள்ள கூட்டிட்டுப் போங்க. இவங்களுக்கு அடுத்து வேற ஆள் இருக்கு."

வேறு ஆள் யாரும் இல்லை. மூவரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது.

முதலில் தம்பியின் குரல் கேட்டது. பிறகு அவன் மனைவியின் குரல். பிறகு இரண்டும் சேர்ந்து. வார்த்தைகள் பிடிபடவில்லை. "ஒத்துக்கவே மாட்டேன்" என்பது மட்டும் நாலைந்து தடவை தெளிவாகக் கேட்டது. அது அவள்தான். அந்தப் பிடிவாதத்தை அந்தப் பெண் இன்று விடாவிட்டால் சோபா காலியாகாது.

பிறகு விசும்பல். பிறகு ஆலோசகரின் மணி இரண்டு தடவை அடித்தது. இரண்டு அடித்தால் தண்ணீர் என்று அர்த்தம்.

அக்கா சுத்தமான தம்ளர் எடுக்கச் சமையல்மேடைப் பக்கம் ஓடினாள். எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மேஜைமேல் கோப்பு மட்டும் இருந்தது. குடுவை இல்லை.

அழுகிற மனைவிக்குத் தண்ணீர் எடுக்கத் தம்பியே வெளியே வந்து குடுவையை எடுத்துப் போயிருந்தான். பன்னிரண்டு நாளில் அவன் செய்த முதல் நல்ல காரியம்.

உள்ளேயிருந்து நூலகரின் குரல் கேட்டது. "சார், தண்ணியில ஏதோ இருக்கு."

"புதினாவா இருக்கும்மா," என்றார் கண்ணாடி போடாத ஆலோசகர். "உடம்புக்கு நல்லது. குடிங்க."

"நீந்துது சார்."

கதவு திறந்தது. தம்பி குடுவையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தான்.

"அக்கா, இதுதானே கொடு?"

"இல்ல. ஆமா. இன்னைக்கு அவனுக்குக் குளியல் நாள்."

"தண்ணியில இருக்கிற மீனுக்குக் குளியலா?"

"நல்ல தண்ணிக் குளியல்டா. நீ அதை இங்க வெச்சுட்டு உள்ள போ."

"அப்ப தொட்டியில இருக்கிறது?"

"அது அவனோட உறவுக்காரன்."

தம்பி குடுவைக்குள் பார்த்தான். கொடு தன் கிழிந்த வாலோடு அடியில் சோர்ந்து கிடந்தான். தம்பியின் முகம் இளகிப்போயிற்று. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இளகிய மனசு. அதனால் வருகிற கஷ்டம் எல்லாம் மற்றவர்களுக்குத்தான்.

"பாவம்க்கா. எல்லாரும் ஒண்ணா இருக்கும்போது இவன் மட்டும் தனியா. அந்த வேதனை எனக்குத் தெரியும்."

மேஜையைச் சுற்றிக்கொண்டு அக்கா வருவதற்குள் அவன் குடுவையைத் தொட்டிக்குள் சாய்த்துவிட்டான்.

'தொபுக்' என்ற சத்தத்தோடு கொடு போய் விழுந்தான். விட்டு திரும்பினான்.

காலையிலிருந்து அவன் பார்த்த மூன்றாவது நீலம். முதல் நீலம் ஓடிவிட்டது, இரண்டாவது பல்லைக் காட்டியது. இனி பொறுப்பதற்கில்லை. செவுளை விரித்தான். துடுப்புகளை விரித்தான். வாலை விசிறிபோல் விரித்தான். எதிரே கொடுவும் விரித்தான். சிவப்புப் பட்டும் நீலப் பட்டும் தண்ணீருக்குள் பிரிந்து ஆடுவதுபோல் இருந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று மெதுவாகச் சுற்றத் தொடங்கின.

அடுத்து என்ன நடக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். இது அளவெடுக்கிற சுற்று. ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்குப் பிறகு கடி.

அந்த நேரம் பார்த்து ஆலோசகரும் நூலகரும் வெளியே வந்தார்கள். ஆலோசகரின் கையில் மூக்குக் கண்ணாடி. நடுவில் தடுப்பு இருக்கிற தைரியத்தில் அவர் தொட்டிக்கு அருகில் போய், தன் தொழில் வாழ்க்கையிலேயே சிறந்த பேச்சைப் பேசினார்.

"பாருங்கம்மா. எவ்வளவு சின்ன இடம். கைய நீட்டினா சுவர். ஆனா இடம் பத்தலைன்னு இதுங்க என்னைக்காவது சொல்லிச்சா? நீ தனியாப் போ, நான் தனியாப் போறேன்னு சொல்லிச்சா? இடம் தொட்டியில இல்லம்மா. மனசுல இருக்கு."

நூலகர் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "எவ்வளவு அழகா விரிச்சுக்கிட்டு, ஒண்ணை ஒண்ணு சுத்தி வருதுங்க."

"சந்தோஷம்மா. வேற என்ன?"

"டான்ஸ் ஆடுற மாதிரியே இருக்கு," என்றான் தம்பி. அவன் கண்ணிலும் நீர்.

சுற்று சிறிதாகிக்கொண்டே வந்தது. விட்டு முதுகை வளைத்தான். அக்கா காத்திருப்போர் மேஜையிலிருந்து விரிப்பை ஒரே இழுப்பாக இழுத்தாள். பழைய பத்திரிகைகள் தரையெல்லாம் சிதறின. விரிப்பு தொட்டியின்மேல் போய் விழுந்து முழுசாக மூடியது.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"தூங்குற நேரம்," என்றாள் அக்கா.

"பதினொன்றரைக்கா அண்ணி?"

"ராத்திரி முழுக்க முழிச்சிருந்துச்சுங்க. பேசிக்கிட்டு."

சொல்லிக்கொண்டே முதுகைத் தொட்டியில் சாய்த்து, வடிகட்டி பிடித்த கையைப் பின்னால் கொண்டுபோய் விரிப்புக்குள் நுழைத்தாள். முகத்தில் சிரிப்பு. தோளுக்குக் கீழே போர். கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று அவள் சுண்டுவிரலைக் கடித்தது. விட்டுவா கொடுவா என்று பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

தம்பி மனைவி தம்பியின் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சரிங்க. நான் ஒத்துக்கறேன்."

"நிஜமாவா?"

"இந்த வாயில்லாத ஜீவனுக்கு இருக்கிற பெருந்தன்மை எனக்கு இல்லைன்னா, நான் படிச்ச படிப்புக்கு என்ன அர்த்தம்? நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுடலாம்."

தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஆலோசகர் கூரையைப் பார்த்துக்கொண்டார். அக்காவின் வடிகட்டிக்குள் ஏதோ ஒன்று வந்து விழுந்து துடித்தது. அவளும் கண்ணீர் விட்டாள். சந்தோஷம் பாதி, சுண்டுவிரல் பாதி.

"பாருங்க, அக்காவே அழறாங்க," என்றார் ஆலோசகர் பெருமையோடு. "ஆறு வருஷத்துல இவங்க அழுது நான் பார்த்ததே இல்ல."

கணவனும் மனைவியும் உள்ளே போய்த் தங்கள் பைகளை எடுத்துக்கொண்டு, கைகோர்த்தபடி லிஃப்டை நோக்கி நடந்தார்கள். அவர்கள் முதுகு திரும்பியதும் அக்கா வடிகட்டியை வெளியே எடுத்தாள். கொடுதான். உயிரோடுதான். குடுவையில் போட்டு, இந்தத் தடவை கனமான அகராதி ஒன்றால் மூடினாள். விரிப்பை விலக்கினாள். விட்டு ஒரு துடுப்பில் கிழிசலோடு வெற்றிவீரனாகக் கிளிப்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

ஆலோசகர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொட்டியைப் பார்த்தார்.

"தடுப்பை நல்லாத் தேச்சிருக்கம்மா. அது இருக்கிறதே தெரியலை."

"ஆமா சார். தெரியாத அளவுக்குத் தேச்சுட்டேன்."

"அப்புறம், உன் தம்பி சண்டைக்குக் காரணம் என்னன்னு என்கிட்ட கேக்காதே. தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கு."

"எனக்கெதுக்கு சார் காரணம்? தீர்ந்துச்சு, அது போதும்."

அவர் உள்ளே போனதும் அக்கா கணவருக்குப் போன் செய்தாள். ஒரே மணியில் எடுத்துவிட்டார். கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருப்பார் போலிருக்கிறது.

"சமாதானமாயிட்டாங்க."

மறுமுனையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் உட்கார்ந்துட்டேன். நிச்சயமா?"

"கையைக் கோத்துக்கிட்டுப் போறாங்க. நானே பார்த்தேன்."

"அப்ப விசிறி?"

"இரண்டுலயே ஓடட்டும்."

"குறுக்கெழுத்து?"

"இனிமே உங்களுக்குத்தான். முழுசா."

அவர் எதையோ முணுமுணுத்தார். பாட்டு என்று புரிந்துகொள்ள அக்காவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பதினான்கு வருஷத்தில் அவர் பாடிக் கேட்டதில்லை. சாயங்காலம் வந்ததும் சோபாவை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டு, அதில் தான் ஒருவனே கால் நீட்டிப் படுக்கப் போவதாகச் சொன்னார். படுத்துக்கொள்ளுங்கள் என்றாள் அக்கா.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது தம்பி மனைவி எதிரில் நின்றாள். மறந்துவிட்டுப் போன குடையை நாற்காலியிலிருந்து எடுத்துக்கொண்டு, குனிந்து அக்காவின் ஈரக்கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துவைத்துக்கொண்டாள்.

"அண்ணி, இனிமே உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு," என்றாள் தழுதழுத்த குரலில். "எங்க வீட்டைக் காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் உங்க வீட்டுக்கே வந்துடலாம்னு இவர் ஒத்தைக் கால்ல நின்னாரு, அவ்வளவு சின்ன வீட்டுல நாலு பேர் எப்படி இருக்கிறதுன்னு நான்தான் இத்தனை நாளா மாட்டேன்னு சண்டை போட்டுக்கிட்டிருந்தேன், உங்க மீனுங்களைப் பார்த்தப்புறம்தான் எனக்குப் புத்தி வந்துச்சு, ஞாயித்துக்கிழமை சாமானோட வந்துடறோம்."